சந்தனம் பூசிய இசைத்தட்டு

நான் இருக்கும் ஊரில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், அறுபதும் எழுபதும் தாண்டிய ஆண்களும் பெண்களும் ஒரு கிளப்புக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பையிலிருந்து டால்கம் பவுடர் டப்பாவை எடுத்துத் தரையில் தூவுகிறார்கள். முகத்துக்கு இல்லை, தரைக்கு. முதல்முறை பார்த்தபோது, பாவம், யாருக்கோ கை நடுக்கம், டப்பா சாய்ந்துவிட்டது என்று நினைத்துத் துடைக்கக் காகிதம் தேடினேன். நர்ஸ் புத்தி எங்கே போனாலும் கூடவே வரும். பிறகுதான் புரிந்தது, கேரம் போர்டில் நாம் பவுடர் போடுகிறோமே, அதே சங்கதி. அங்கே காய் வழுக்க வேண்டும், இங்கே காலணி வழுக்க வேண்டும். பவுடர் விழுந்த இடத்தில் அந்தப் பெரியவர்கள் சுழல்வதையும் குனிந்து எழுவதையும் பார்த்தால், முந்தின நாள் மூட்டு வலி என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இவர்கள்தானா என்று சந்தேகம் வரும். உடையார்பாளையத்தில் வளர்ந்து, பெரம்பலூரில் படித்து, இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய பஞ்சாலை ஊரில் வேலைக்கு வந்து சேர்ந்த எனக்கு, இந்த நாட்டில் முதலில் பிடித்துப்போன விஷயம் இதுதான். குளிருக்கும் சாப்பாட்டுக்கும் பழக வருடங்கள் ஆயின.

அவர்கள் ஆடுவது, அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர்கள் பாடிய ஸோல் பாட்டுகளுக்கு. அமெரிக்காவிலேயே விலைபோகாத பாட்டுகள். சின்னக் கம்பெனிகள் கொஞ்சம் இசைத்தட்டு அடித்துப் பார்த்து, யாரும் வாங்காததால் மூட்டை கட்டிவிட்டார்கள். அந்தப் பாட்டுகளைக் கடல் தாண்டி இந்தப் பஞ்சாலை ஊர்க்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். கிடைக்காத பொருளுக்கு மவுசு அதிகம் என்பதால் போலியும் வந்தது. பாட்டு வெளியான காலத்தில் அந்தக் கம்பெனியே அடித்த தட்டு ஒரிஜினல். பிற்பாடு யாரோ அனுமதி இல்லாமல், அதைப் பார்த்து அப்படியே அடித்துவிட்ட நகலுக்கு இங்கே பூட்லெக் என்று பெயர். எங்கள் கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. ஒரிஜினல் தட்டைத் தவிர எதுவும் அங்கே சுற்றக் கூடாது. காதுக்கு இரண்டும் ஒன்றுதானே என்று நான் ஒருமுறை கேட்டேன். கோயிலுக்குள் செருப்போடு நுழைந்தவளைப் பார்ப்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் மோரீன். என் வார்டின் மூத்த நர்ஸ். எனக்கு அவர் பேசும் ஆங்கிலம் புரியாது, அவருக்கு நான் பேசுவது புரியாது. இருவரும் சிரித்துச் சிரித்தே ஒரு வருடத்தை ஓட்டினோம். அவருடைய கணவர் டெரிக் பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தட்டுகளைச் சோதிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். லேபிளில் எழுத்து கூர்மையாக இருக்கிறதா, அல்லது போட்டோ எடுத்து அச்சடித்த மாதிரி விளிம்பு கரைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நகத்தால் தட்டிப் பார்க்க வேண்டும், சில கம்பெனிகளின் ஒரிஜினல் மெல்லிசாக, பிளாஸ்டிக் டப்பா மாதிரி ஒலிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பாட்டு முடிந்தபின் ஊசி வெறுமனே ஓடுமே, லேபிளைச் சுற்றிய அந்த வழவழப்பான வளையம், அதைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தட்டை அடித்த தொழிற்சாலையின் முத்திரை அங்கேதான் எறும்பளவில் இருக்கும். இயந்திரம் குத்தியதாக இருந்தால் ஒரிஜினல், கையால் கீறியதாக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இந்த வித்தை எனக்குச் சுலபமாக வந்தது. வராமல் என்ன செய்யும்? வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர்கள் கொண்டுவரும் வாட்ச்சையும் சென்ட்டையும் போர்வையையும் தெருவே கூடிப் புரட்டிப் பார்த்து, முகர்ந்து, தூக்கி எடை பார்த்து, 'இது டூப்ளிகேட்' என்று தீர்ப்புச் சொல்லும் ஊரில் அல்லவா வளர்ந்தேன். ஆனால் பாட்டு விஷயத்தில் நாங்கள் ஒருநாளும் அந்தச் சோதனை வைத்ததில்லை. நான் பெரம்பலூரில் நர்சிங் படித்தபோது பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கேசட் ரெக்கார்டிங் கடை இருந்தது. லெப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் நடத்தினார். அவருடைய அண்ணன் சவூதியிலிருந்து அனுப்பிய டபுள் டெக் டேப்ரெக்கார்டர்தான் கடையின் மூலதனம். விடுதிப் பெண்கள் நாங்கள் வேண்டிய பாட்டுகளைச் சொல்லிவிட்டு வருவோம். "இன்ஷா அல்லா வெள்ளிக்கெழமைக்குள்ள முடிச்சித் தர்றேன்" என்பார், வெள்ளிக்கிழமை முடிந்திருக்காது. ஒருநாள் எங்களில் ஒருத்தி, இது ஒரிஜினலா என்று கேட்டுவிட்டாள். "ஒரிஜினல் வேணும்னா திருச்சிக்குப் போ பாப்பா. எங்கிட்ட பாட்டுதான் இருக்கு" என்றார். கோபம் இல்லை, உள்ளதைச் சொன்னார். அந்தக் கேசட்டுகளின் இரைச்சலோடு சேர்த்துத்தான் எனக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கும். இதை இங்கே கிளப்பில் சொன்னால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

இனி ஒரு தட்டின் கதைக்கு வருகிறேன். மோரீன் பயிற்சி நர்ஸாக இருந்த காலத்தில், கல்யாணப் பரிசாக டெரிக்குக்குக் கொடுப்பதற்காக, அமெரிக்காவில் ஒரு கடைக்கு எழுதி வரவழைத்தது. டெரிக் பல காலமாகத் தேடிக் கிடைக்காத பாட்டு. இருவரும் அதைச் சமையலறையில் போட்டுப் போட்டு ஆடி, தட்டே தேய்ந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கிளப்புக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தட்டுகளைச் சோதிப்பவர் கிரஹாம். கெட்டவர் இல்லை, கறார். அவர் வளையத்தைச் சாய்த்து, சாய்த்துப் பார்த்தார். ஒரிஜினலில் இயந்திரம் குத்திய முத்திரை இருக்க வேண்டும், இதில் எதுவுமே இல்லை, பூட்லெக் என்றார். சுற்றிலும் ஆட்கள். "அப்படியானால் என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று மோரீன் சிரித்தார். மறுநாள் வார்டில் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே, "என் வாழ்க்கையில் அவருக்காக நான் அலைந்து வாங்கிய ஒரே பொருள் அது" என்று என்னிடம் சொன்னார். அப்போது சிரிப்பு இல்லை. அதன்பின் அந்தத் தட்டு உறையை விட்டு வெளியே வரவேயில்லை.

பிறகு ஒரு குளிர்காலத்தில் மோரீன் இறந்துவிட்டார். அடுத்த குளிர்காலத்தில் வரும் அவருடைய முதல் நினைவு நாளுக்காகக் கிளப்பில் ஒரு பிற்பகலை முன்கூட்டியே ஒதுக்கினார்கள். அன்றைக்கு அந்தத் தட்டைப் போட வேண்டும் என்று டெரிக் கேட்டார். கிரஹாம் அவர் தோளில் கைவைத்து, வேறு எந்தத் தட்டை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் முடியாது என்றார். ஒருவருக்காகச் சட்டத்தைத் தளர்த்தினால் அப்புறம் சட்டம் எதற்கு என்பது அவர் நியாயம். டெரிக் சண்டை போடவில்லை. "அவள் ஏமாந்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை" என்று என் கணவரிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டைக் கவனிக்கவில்லை, சட்டைகள் தொளதொளத்தன. நானும் என் கணவரும் பேசி, ஆயுத பூஜையை ஒட்டி ஊருக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். வருகிறேன், ஆனால் என் பெட்டியும் வரும் என்றார். தட்டுகள் இருக்கும் சின்னப் பெட்டி, பத்துப் பதினைந்து தட்டு. அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே சென்னையில் இறங்கினார்.

நாங்கள் தங்கியது ஜெயங்கொண்டத்தில், என் அக்கா வீட்டில். வீட்டு முன்கட்டு அவளுடைய தையல் கடை. டெரிக் ஒரே நாளில் அந்தத் தெருவுக்குப் பழகிப்போனார். முந்திரிப் பருப்பை வேர்க்கடலை மாதிரி அள்ளி அள்ளித் தின்றார். அக்காவுக்கு மட்டும் ஒரு குறை. என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன்டி, வார்த்தைக்கு வார்த்தை உன்ன லவ்வுங்கறாரே இந்தப் பெரியவரு. ஒம் புருசனும் பக்கத்துல நின்னு சிரிச்சிக்கிட்டு இருக்காரு?"

"அங்க பஸ் டிரைவர்லேர்ந்து எல்லாரும் அப்படித்தான்க்கா கூப்புடுவாங்க. நம்மூர்ல பொம்பளப் புள்ளைங்கள ஆயிங்கறதில்ல? அந்தமாதிரி."

"அப்ப என்னையும் கூப்புடுவாரா?"

"காப்பி குடுத்தப்பவே கூப்புட்டுட்டாரு. ஒனக்குத்தான் காதுல வுழல."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவர் தட்டில் ஒரு தோசை கூடுதலாக விழுந்தது. தினமும் காலையில் டெரிக் தையல் கடையின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு தட்டாக எடுத்து மெல்லிய துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, திரும்ப உறையில் வைப்பார். ஒரு தட்டை மட்டும் நெடுநேரம் பார்ப்பார். மிஷின் மிதித்துக்கொண்டே அக்கா இதையெல்லாம் கவனித்திருக்கிறாள். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். கேட்கும்படியாக அதில் ஒன்றுமில்லை, பார்த்தாலே தெரிகிறதே என்று அவள் நினைத்துவிட்டாள்.

ஆயுத பூஜையன்று, அரியலூர் ரோட்டில் சிமெண்டு லாரிகளுக்கு வாழைக்கன்று கட்டி மாலை போட்டிருப்பதைக் காட்ட என் கணவர் டெரிக்கைக் கூட்டிப்போனார். நான் பின்கட்டில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அக்கா கடையைக் கழுவி, மிஷின்களைத் துடைத்து, கத்தரிக்கோல், அளவு நாடா, இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் வாழை இலையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். சூடம் காட்டக் கூப்பிட்டாள். போனேன். கத்தரிக்கோலுக்கு அடுத்த இலையில் டெரிக்கின் தட்டுகள் அத்தனையும் உறையை விட்டு வெளியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் லேபிளுக்கு வெளியே, அந்த வழவழப்பான வளையத்தில், மூன்று விரலால் இழுத்த சந்தனம். லேபிளின் ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டு.

ஐ.சி.யூ.வில் பத்து வருடம் குரல் உயர்த்தாமல் வேலை பார்த்தவள் நான். "என்னக்கா பண்ணி வச்சிருக்க?" என்று கத்திவிட்டேன்.

"ஏன் கத்துற? எழுத்து மறையக் கூடாதுன்னு ஓரமாத்தான வச்சிருக்கேன். கோடு கோடா இருக்கற எடத்துலகூட வக்கல." அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வூட்டுக்கு வந்த மனுசன், அவரு தொழில் சாமானத்த மட்டும் ஒதுக்கி வச்சிட்டு நாம கும்புட்டா நல்லாவா இருக்கும்? தெனமும் தொடைச்சித் தொடைச்சி வக்கிறாரே, நான் எம் மிஷினக்கூட அப்படிப் பாத்துக்க மாட்டேன்."

பெட்டி வைத்திருக்கும் விருந்தாளியை இதைவிடப் பெரிதாக மதிக்க எங்கள் பக்கத்தில் வழியில்லை. அதே நேரத்தில், லேபிளில் பேனாவால் ஒரு புள்ளி இருந்தாலே முகம் சுளிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர் டெரிக். சூடத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

டெரிக் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்ததா என்று கேட்காதீர்கள், ஏற்கெனவே வெளுப்பு. நான் திக்கித் திணறி விளக்கினேன். இன்று எங்களுக்குச் சோறு போடும் கருவிகளுக்கு நன்றி சொல்லும் நாள், உங்கள் தட்டுகளை அக்கா உங்கள் தொழில் கருவி என்று நினைத்துவிட்டாள், அவமானப்படுத்தவில்லை, மரியாதைதான், மன்னித்துக்கொள்ளுங்கள். அவர் ஒவ்வொரு தட்டாகப் பார்த்துக்கொண்டே வந்தார். "மோரீனுடையதற்கும் செய்திருக்கிறாரா?" என்று கேட்டார். காட்டினேன். சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்துக் குனிந்தார். அக்கா பாய்ந்து குறுக்கே நின்றாள்.

"இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலையில மறுபடி சூடம் காட்டித்தான் கை வக்கணும். இன்னிக்கு அதுங்களுக்கு ஓய்வு. அய்யாகிட்ட எடுத்துச் சொல்லுடி."

சொன்னேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், இன்று கருவிகளுக்கெல்லாம் லீவு, வேலை வாங்கினால் தப்பு என்றேன். டெரிக் டிப்போவில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "லீவு நாளில் வேலை வாங்கக் கூடாது. சரிதான்" என்று துணியை மடித்து உள்ளே வைத்தார். அக்கா கொடுத்த பொரிகடலையை மென்றுகொண்டு, அன்றைக்குப் பொழுது சாயும்வரை, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருக்கும் உறவினர் மாதிரி அந்த இலைகளுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தத் தட்டு பூட்லெக்கோ ஒரிஜினலோ, மோரீன் அவருக்குக் கொடுத்தது அது ஒன்றுதான், அவரைக் கூட்டிவந்து அதையும் பாழாக்கிவிட்டோமே என்று நான் போய்ப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் அக்கா சூடம் காட்டி முடித்ததும் நானும் டெரிக்கும் ஈரத்துணியோடு உட்கார்ந்தோம். அது உரைத்தெடுத்த சந்தனம் அல்ல, கடையில் பாக்கெட்டில் விற்கும் பொடி. அதில் சந்தனம் எத்தனை பங்கு, வேறு என்னென்ன எத்தனை பங்கு என்று விற்றவருக்கே தெரியாது. சுத்தமான டூப்ளிகேட். அசல் சந்தனமாக இருந்திருந்தால் துடைத்ததும் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இது சுண்ணாம்பு மாதிரி காய்ந்து, மேலாக வந்துவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் எல்லாம் போய் உட்கார்ந்துவிட்டது. வெறுமையாகத் தெரிந்த வளையங்களில் எண்களும் எழுத்துகளும் மஞ்சளாகத் துலங்க ஆரம்பித்தன. மோரீனுடைய தட்டை நான்தான் துடைத்தேன். தேய்ந்த சிராய்ப்புகளின் நடுவே ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னொரு தரம் துடைத்தேன். போகவில்லை. வாசலுக்குப் போய் வெயிலில் சாய்த்தேன். எறும்பளவில் எழுத்துகள். கையால் கீறினால் ஒரு எழுத்து சாயும், ஒன்று நிமிரும், ஒன்று ஆழமாகப் போகும். இவை ஒரே உயரத்தில், ஒரே அழுத்தத்தில், இயந்திரம் குத்திய முத்திரை. குத்தும்போதே லேசாக விழுந்து, மேலே தேய்ந்தும் போனதால் இத்தனை காலம் யார் கண்ணுக்கும் தட்டுப்படவில்லை.

டெரிக்கைக் கூப்பிட்டேன். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், கண்ணாடியை என்னிடம் கொடுத்தார், நீ பார் என்றார். நான் பார்த்து, அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தையிலேயே, குத்தியது, கீறியது இல்லை என்றேன். மறுபடி பார்த்தார். பிறகு தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி தையல் மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, "அவள் ஏமாறவில்லை" என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவும் இல்லை.

"என்னடி, ரெண்டு பேரும் அழுவுறீங்க? எதுவும் கெட்டுப்போச்சா?" என்று அக்கா பதறினாள்.

"கெடலக்கா. அந்தம்மா வாங்குனது ஒரிஜினல்தானாம்."

"இதுக்கா அழுவுறாரு? கல்யாணத்துக்குக் குடுக்கறவ டூப்ளிகேட்டா குடுப்பா?" என்றவள், போய் அவருக்கு ஒரு காப்பி கொண்டுவந்தாள். டெரிக் அவளை லவ் என்றார். இந்த முறை அவளுக்குக் காதில் விழுந்தது.

சந்தனம் போனாலும் லேபிளில் குங்குமம் ஊறிவிட்டிருந்தது. சிவப்புப் பொட்டு. அதை எடுக்க எனக்கு ஒரு வழி தெரியும், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மெதுவாக ஒற்றலாம் என்றேன். டெரிக் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். மற்ற தட்டுகளையும் தொடவிடவில்லை.

திரும்பி வந்து, மோரீனின் நினைவு நாள் பிற்பகலில் கிளப்புக்குப் போனோம். கிரஹாம் தட்டை வாங்கி விளக்கடியில் பிடித்தார். சந்தனத் துகள் இன்னும் அந்த எழுத்துகளில் இருந்தது. நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். இது என்ன கறை, லேபிள் போச்சே என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் டெரிக், அது கறை இல்லை என்றார். கிரஹாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அன்றைக்கு நான் சொன்னது தப்பு. அவள் இருந்தபோதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு, வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே தட்டை வைத்து ஊசியை இறக்கினார். டெரிக் தரையின் நடுவே போனார். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் இடம் விட்டு ஆடத் தொடங்கினார். அந்த இடத்துக்குள் யாரும் கால் வைக்கவில்லை.

இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்ததால் போனில் வீடியோ போட்டிருந்தேன். அங்கே ஜெயங்கொண்டத்தில் கடையைச் சாத்திவிட்டு, தோளில் அளவு நாடாவோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் மிஷின்கள், எனக்கு முன்னால் இந்தத் தட்டு. போனை அதற்கு நேராகப் பிடித்தேன். தட்டு வேகமாகச் சுழன்றது. பொட்டு தெரியவில்லை, லேபிளைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம் மட்டும் ஓடியது.

"நான் வச்ச பொட்டு எங்கடி? காணும்?"

"சுத்துறப்ப தெரியாதுக்கா. நின்னாத்தான் எந்த எடத்துல இருக்குன்னு தெரியும்."

அக்கா தோளிலிருந்த அளவு நாடாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப சுத்தட்டும், வுடு" என்றாள்.